மஞ்சள் தோல் சிம்ப்சன்ஸ் குடும்பத்தின் வீட்டில் பேய்: ஹாலோவீன் காமிக்ஸின் உள்வேலை

1995 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 23 இதழ்கள். பாங்கோ காமிக்ஸ் வெளியிட்ட ‘பார்ட் சிம்ப்சன்ஸ் ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்’ வரிசையைப் பலரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரின் உபரிச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒரு குடும்ப நகைச்சுவைக் கார்ட்டூனைத் திகில் கதைக்குள் தள்ளி, சிரிப்பும் கெடாமல் பயமும் கெடாமல் எட்டுப் பத்துப் பக்கங்களில் முடிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. இந்தப் பதிவு அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பற்றியது. சொந்தமாக இப்படி ஒரு கதை வரைய நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கும் இதழ்களைத் திரும்பப் புரட்டும்போது உதவும்.

அடிப்படை ஒன்றுதான்: உலகம் எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம், குடும்பம் மாறக்கூடாது. பேய் வந்தாலும் பூதம் வந்தாலும் அப்பா அதே பெருந்தீனிக்காரர், அம்மா அதே பொறுமைசாலி, பையன் அதே போக்கிரி. அவர்களுடைய அன்றாட குணம்தான் திகிலைக் கிளப்ப வேண்டும், அதுவே அதை முடிக்கவும் வேண்டும்.

1990 அக்டோபரில், பேய்க்கதைகளுக்குப் பேர்போன ஹாலோவீன் திருநாளையொட்டி ஒளிபரப்பான தொடரின் முதல் ஹாலோவீன் அத்தியாயத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. குழந்தைகள் மரவீட்டில் உட்கார்ந்து மாறி மாறிச் சொல்லும் மூன்று கதைகள். முதல் கதையில் சபிக்கப்பட்ட வீடு ஒன்றுக்குக் குடும்பம் குடியேறுகிறது. வழக்கமான கதையாக இருந்தால் குடும்பம் அலறி ஓடும். இங்கே வீடு யோசித்துப் பார்த்து, இவர்களோடு வாழ்வதைவிட அழிந்துபோவதே மேல் என்று தன்னைத்தானே தகர்த்துக்கொள்கிறது. 1993 அத்தியாயத்தில் அப்பா ஹோமர் ஒரே ஒரு டோனட்டுக்காக ஆன்மாவை விற்கிறார். வாங்க வரும் சாத்தான், ஊரிலேயே பரம சாதுவான அடுத்த வீட்டு ஃபிளாண்டர்ஸ். 1994இல், பனியில் அடைபட்ட விடுதியில் அவருக்குக் கொலைவெறி பிடிப்பதற்குக் காரணம் ஆவிகள் மட்டுமல்ல, தொலைக்காட்சியும் பியரும் இல்லாததுதான். மூன்றிலும் மூலக் கதையின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. திருப்பம் வரும் இடம் மட்டும் அந்தக் குடும்பத்தின் குணம்.

காமிக்ஸ் வடிவத்துக்கு இந்தக் கலவை புதிதல்ல. அமெரிக்காவில் ஈசி காமிக்ஸ் நிறுவனம் 1950இல் மூன்று திகில் இதழ்களைத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லும் ஒரு கோரமான ‘தொகுப்பாளர்’ உண்டு. ஓர் இதழுக்கு நான்கு கதைகள், ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எட்டுப் பக்கம், கடைசிக் கட்டத்தில் (கட்டம் என்பது பக்கத்திலுள்ள ஒரு படச் சட்டம்) குற்றத்துக்கு ஏற்ற தண்டனை. அதே நிறுவனம்தான் 1952இல் ‘மேட்’ இதழையும் தொடங்கி, ஹார்வி கர்ட்ஸ்மன் ஆசிரியராக இருக்க, பிரபல காமிக்ஸ்களையும் கார்ட்டூன்களையும் கேலி செய்தது. திகிலும் கேலியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் பற்றி விசாரணை நடத்தியது. அதைத் தொடர்ந்து பதிப்பாளர்கள் தாங்களே வகுத்த காமிக்ஸ் நெறிமுறை ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடைபிணம் எல்லாவற்றையும் தடைசெய்தது. தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களுக்கும் இடமில்லை. ஈசியின் திகில் இதழ்கள் அத்தோடு முடிந்தன. ‘மேட்’ 1955இல் பத்திரிகை வடிவத்துக்கு மாறித் தப்பித்தது.

சிம்ப்சன்ஸ் ஹாலோவீன் அத்தியாயங்களில் தயாரிப்புக் குழுவினரின் பெயர்கள் கோரமாகத் திரிக்கப்பட்டு வருமே, அந்த வழக்கமே ஈசி இதழ்களிலிருந்து வந்ததுதான். காமிக்ஸ் வரிசை இந்தக் கடனை இன்னும் வெளிப்படையாக அடைத்தது. 2005இல் வந்த 11ஆம் இதழில் ஜான் செவரின், ஏஞ்சலோ டோரஸ், ஆல் வில்லியம்சன் ஆகிய ஈசி கால ஓவியர்களே வரைந்தார்கள். கூடவே, 1971இல் நெறிமுறை தளர்ந்த பிறகு எழுந்த அடுத்த தலைமுறையும் வந்தது: சதுப்புநில அரக்கனை உருவாக்கிய லென் வெய்னும் பெர்னி ரைட்சனும், டிராகுலா காமிக்ஸைப் பல ஆண்டுகள் சேர்ந்து நடத்திய மார்வ் உல்ஃப்மனும் ஜீன் கோலனும். தங்கள் சொந்தப் படைப்புகளைத் தாங்களே கேலி செய்திருக்கிறார்கள். கேலிக்கு ஆளாகும் கதையை உருவாக்கிய கையே கேலியையும் வரையும்போது நிழல் விழும் இடம்கூடப் பிசகுவதில்லை. 23 இதழ்களில் ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி வேலைக்கு வருவோம்.

பலர் பூதத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு குடும்பத்தை அதற்குள் திணிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஒரு பாத்திரத்தின் விடாப்பிடியான பழக்கம் ஒன்றை எழுதுங்கள். அடுத்து, எந்தத் திகில் கதையின் விதி அந்தப் பழக்கத்தோடு நேராக மோதும் என்று பாருங்கள். விதி என்பது முக்கியம். ரத்தக்காட்டேரிக்கு அழைப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, சூரிய ஒளி ஆகாது. வரம் தரும் பொருள் ஒவ்வொரு வரத்துக்கும் விலை கேட்கும். கடிபட்டவர் கடிப்பவராவார். வாசகருக்கு முன்பே தெரிந்த இப்படிப்பட்ட விதி ஒன்று போதும். இரண்டாவது விதியை நுழைத்தால் அதை விளக்கவே ஒரு பக்கம் போய்விடும்; எட்டில் ஒன்று போவது தாங்காது.

ஓர் உதாரணம் கட்டுவோம். யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்ப மனம் வராத ஓர் அம்மா. அழைக்காமல் நுழைய முடியாத ரத்தக்காட்டேரி. மோதல் தானாகப் பிறக்கிறது: அவளுடைய நல்ல குணமே ஆபத்தை வீட்டுக்குள் அழைத்து வருகிறது. முடிவும் அதே குணத்தில் இருக்கிறது. விருந்து முடிந்தால்தானே அவன் வேலையைத் தொடங்க முடியும்? இந்த வீட்டில் சாப்பாட்டு மேசைச் சண்டை முடிவதே இல்லை. விடிந்துவிடுகிறது.

இதை எட்டுப் பக்கத்தில் பரப்பும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பக்கம் வலது, எந்தப் பக்கம் இடது என்பது. கதை வலப்பக்கத்தில் தொடங்கினால் 1, 3, 5, 7 வலதில் வரும். தாளைத் திருப்பியதும் கண்ணில் படுவது 2, 4, 6, 8. அதிர்ச்சிகள் எல்லாம் இந்த இரட்டைப் பக்கங்களின் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். கதவு தட்டப்படுவது 1ஆம் பக்கக் கடைசிக் கட்டம். வந்தவன் யாரென்பது 2இன் முதல் கட்டம். 3இன் அடியில் அம்மா “உள்ளே வாங்களேன்” என்கிறாள். 4இன் தலையில் அவன் நிழல் கூடம் முழுக்கப் படர்கிறது. 5, 6, 7இல் சாப்பாட்டு மேசை. விடியலுக்கு முன் ஒரு கணம் எல்லோரும் மௌனமாவது 7இன் கடைசி. 8இல் சாம்பல், பெருக்கும் அம்மா. ஆனால் கடைசிக் கட்டத்தில் பையனின் சட்டைக் காலருக்கு மேல் இரண்டு சிறு புள்ளிகள். அந்தக் கடியை 5ஆம் பக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தின் பின்னணியில், யாரும் கவனிக்காத அளவில், ஏற்கெனவே வரைந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கடைசிக் கட்டம் வெறும் ஏமாற்று. திரும்பப் புரட்டிப் பார்க்கும் வாசகருக்கு அங்கே சான்று கிடைத்தாக வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் விபத்து ஒன்று உண்டு. அமெரிக்க மாத இதழ்களில் கதைக்கு நடுவே விளம்பரப் பக்கம் விழும். 3க்கும் 4க்கும் இடையே ஒற்றை விளம்பரப் பக்கம் வந்தால் அதன் பிறகு இடது வலது எல்லாம் மாறிப்போகும், முடிவு எதிர்ப்பக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும். எழுதத் தொடங்கும் முன்பே பக்க வரைபடத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சொந்தமாக அச்சிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நடுவில் பின் அடிக்கும் இதழின் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். திரையில் மட்டும் படிக்கும் கதையில் பக்கம் திரும்பும் தருணமே கிடையாது. அங்கே அதிர்ச்சிக்கு முன் நீண்ட வெற்றிடமோ முழுக் கறுப்புக் கட்டமோ விட்டுக் கீழே உருட்டவைக்க வேண்டும்.

பக்கத்துக்கு ஐந்து அல்லது ஆறு கட்டம், பேச்சு எழுதும் பலூனுக்கு 25 சொல்லுக்குள். நகைச்சுவைப் பலூன்கள் இதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஈசி கதைகளில் எழுத்து முதலில் கட்டங்களில் பொறிக்கப்பட்டு, மீதி இடத்தில்தான் ஓவியர் வரைவார்; அதனால் கட்டத்தின் பாதியை வர்ணனையே அடைத்துக்கொள்ளும். அந்த நடையைக் கேலி செய்ய விரும்பினால் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தில் செய்துவிட்டு நிறுத்துங்கள். கதை முழுக்கத் தொடர்ந்தால் கேலி மறைந்து சுமை மட்டும் எஞ்சும்.

ஓவியத்தில் பெரிய கேள்வி, குடும்பத்தைப் பேயுருவமாக மாற்றும்போது எதை விட்டுவைப்பது என்பது. சிம்ப்சன்ஸ் பாத்திரங்கள் நிழலுருவிலேயே அடையாளம் தெரியும்படி வடிவமைக்கப்பட்டவர்கள். அம்மா மார்ஜின் நெடிய கொண்டை, பையன் பார்ட்டின் ரம்பப் பற்கள் போன்ற தலைமுடி, மகள் லிசாவின் நட்சத்திர முனைகள், ஹோமரின் வழுக்கையில் இரண்டு வளைவுகள். முகத்தை அழுக வைக்கலாம், தோலை உரிக்கலாம், கையைப் பிடுங்கலாம், நிழலுருவைத் தொடக்கூடாது. எளிய சோதனை: மாற்றிய உருவத்தை முழுக் கறுப்பால் நிரப்பி 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். யாரென்று தெரியவில்லை என்றால் மாற்றம் எல்லை தாண்டிவிட்டது.

கண்ணில் இன்னும் கவனம் தேவை. பெரிய வெள்ளை உருண்டைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான் இந்த முகங்களின் நடிப்பு முழுவதும். புள்ளியைப் பாதியாகச் சுருக்கினால் பயம் வரும். புள்ளியை அடியோடு நீக்கினால் நடைபிணம் கிடைக்கும், ஆனால் அந்தப் பாத்திரம் நடிப்பதை நிறுத்திவிடும். கண்மணி இல்லாத ஹோமர் எதைப் பார்த்து ஏங்குகிறார் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? சிரிப்பு அங்கேயே செத்துவிடுகிறது. ஒரு கண்ணில் புள்ளியை விட்டு மற்றதை வெறுமையாக்குவது நல்ல சமரசம்.

கோடு இன்னொரு சிக்கல். தொடரின் கோடு ஒரே தடிமனில், சுத்தமாக, நிழல் கீற்றுகள் இல்லாமல் ஓடும். திகில் காமிக்ஸின் கோடு தூரிகையில் தடித்தும் மெலிந்தும், குறுக்குக் கீற்றுகளோடு வரும். இரண்டையும் ஒரே உருவத்தில் கலந்தால் அழுக்காகத் தெரியும். பாத்திரத்துக்குச் சுத்தமான கோடு, சுற்றியுள்ள வீட்டுக்கும் மரத்துக்கும் வானத்துக்கும் கீற்று என்று பிரித்துக்கொண்டால் குடும்பம் தவறான உலகத்துக்குள் நடந்து வந்துவிட்ட உணர்வு தானாகக் கிடைக்கும். பாத்திரத்தின் மீது முதல் கீற்று விழுவதை அவர் உருமாறும் தருணத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அமெரிக்க அளவில் 11க்கு 17 அங்குலத் தாளில், சுமார் 10க்கு 15 அங்குலப் பரப்பில் வரைந்து, அச்சில் 6⅝க்கு 10¼ அங்குலமாகச் சுருக்குவது வழக்கம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மூலத்தில் 0.2 மில்லிமீட்டர் கீற்று அச்சில் 0.13 ஆகும், மலிவுத் தாளில் உடையும். 0.3க்குக் கீழே போக வேண்டாம். கோட்டை அச்சு அளவில் 600 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வண்ணத்தை 300இலும் வைத்துக்கொள்ளுங்கள். தாள் வெட்டப்படும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் ⅛ அங்குலம் கூடுதலாக நீட்டுங்கள்.

வண்ணத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஹாலோவீன் கதை என்றால் இரவு. இரவு என்றால் நீலம். மஞ்சள் தோலின் மீது நீல லேயரை மல்டிப்ளையில் (கீழுள்ள நிறத்தோடு கலந்து இருட்டாக்கும் கணினி முறை) போட்டால் எல்லோரும் பச்சையாகிவிடுவார்கள். ஊதா போட்டால் சேற்று நிறம். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, தோலைத் தொடாமல் விடுவது: மெஜந்தா 20, மஞ்சள் 100 (அச்சு மையின் சதவீதம்) என்ற பகல் நிறமே இருக்கட்டும், சுற்றிலும் அடர் ஊதா வையுங்கள். மஞ்சளும் ஊதாவும் நேரெதிர் நிறங்கள் என்பதால் முகங்கள் விளக்குபோல எரியும். இது கேலிக்கு ஏற்றது. இரண்டாவது, தோலை வெளிறிய காவிக்கு இறக்குவது: சயான் 15, மெஜந்தா 35, மஞ்சள் 85 அளவில். சயான் அதற்கு மேல் ஏறினால் பச்சை தலைகாட்டும். பதற்றம் கூடும் பக்கங்களுக்கு இது நல்லது. பச்சையை மட்டும் வீணாக்காதீர்கள். அது உண்மையாகவே செத்தவர்களுக்கு உரியது.

பெரிய கறுப்புப் பரப்புகளுக்கு வெறும் 100 கறுப்பு போதாது, சாம்பலாகத் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்க்கலாம். மொத்தம் 240, பெரும்பாலான தாள் தாங்கும். ஆனால் கோட்டுக்கும் எழுத்துக்கும் 100 கறுப்பு மட்டுமே. நான்கு மைகளின் அச்சுத் தகடுகளும் ஓர் இழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும், இரவுக் காட்சியின் சிறு பலூன்களைப் படிக்கவே முடியாது.

ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகையில் எவ்வளவு வெட்டுக்குத்து இருந்தாலும் சிரிக்க முடிவது, ஒவ்வொரு கதையும் தனித்தனி என்பதால்; இறந்தவர் அடுத்த கதையில் எழுந்துவிடுவார். ஆனால் வலியின் முகபாவம் ஒரு படக் கட்டத்துக்கு மேல் நீளக்கூடாது. கை போன கட்டத்தில் அலறலாம். அடுத்த கட்டத்தில் அவர் போன கையைப் பற்றியல்ல, அதில் பிடித்திருந்த தின்பண்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். குழந்தைப் பாத்திரங்களுக்கு அந்த ஒரு கட்டத்தையும் தராமல் நிழலிலோ ஒலிச்சொல்லிலோ கடப்பதே சரி.

வரிசையின் ஓவிய நடை எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு எல்லைக்கோடு 2009இன் 15ஆம் இதழ். சாமி ஹார்க்கம் விருந்தினர் ஆசிரியர். கெவின் ஹைசெங்கா, ஜோர்டன் கிரேன், ஜெஃப்ரி பிரவுன், பென் ஜோன்ஸ் போன்ற மாற்றுக் காமிக்ஸ்காரர்கள் வரைந்தார்கள். உருவங்கள் நெளிகின்றன, நிறங்கள் கூசுகின்றன, ஆனால் பேச்சும் நடத்தையும் சிம்ப்சன்ஸ் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு மக்களுடையவை. அதனால் தாங்குகிறது. ஓவியத்தைக் குலைப்பவர் எழுத்தை இறுகப் பிடிக்க வேண்டும்; இரண்டையும் ஒருசேரக் குலைத்தால் வாசகருக்குப் பிடிமானம் இருக்காது. இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. 2013இல் தொடங்கிய ‘ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி’, பதின்பருவ நகைச்சுவைப் பாத்திரங்களை நடைபிணக் கதைக்குள் கொண்டுபோய்ச் சிரிப்பை ஏறக்குறைய முழுதாகவே கைவிட்டது. ஃபிரான்செஸ்கோ ஃபிரான்காவில்லாவின் ஆரஞ்சும் கறுப்பும் அதைத் தூக்கி நிறுத்தின. சிறந்த வேலை, ஆனால் அது கேலி அல்ல. அந்தப் பாதையில் போகிறவர் பாதி வழியில் நகைச்சுவைக்குத் திரும்ப முடியாது.

பாங்கோ இதழ்கள் முறையான உரிமையோடு வெளிவந்தவை என்பதை மறக்க வேண்டாம். நிறுவனத்தைச் சேர்ந்து தொடங்கியவர்களில் சிம்ப்சன்ஸை உருவாக்கிய மாட் க்ரேனிங்கும் பில் மாரிசனும் இருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் அதே பாத்திரங்களை வரைந்து விற்பது வேறு விஷயம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் கேம்ப்பெல் வழக்கில் சொன்னபடி, கேலி என்பது மூலப் படைப்பையே விமர்சிப்பதாக இருந்தால் நியாயப் பயன்பாடு (அனுமதியின்றிப் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று வாதிட இடமுண்டு. பிரபலமான முகங்களைக் கடன் வாங்கி வேறெதையோ சொல்வதற்கு அந்த வாதம் பலவீனமாகிவிடும். அதுவும் வழக்குக்கு வழக்கு எடைபோடப்படும் விஷயம், முன்கூட்டிய அனுமதி அல்ல. சொந்தக் குடும்பம் ஒன்றை உருவாக்கி, வகைமையை மட்டும் கேலி செய்வதே பாதுகாப்பு. மேலே சொன்ன நுட்பங்களில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும். நிழலுருவை நீங்களே வடிவமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு: 1999இல் வந்த 5ஆம் இதழ், 2000ஆம் ஆண்டின் ஐஸ்னர் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் விருதைச் சிறந்த நகைச்சுவை வெளியீட்டுப் பிரிவில் வென்றது. ஜில் தாம்சன், டக் டென்னாப்பல் ஆகியோரோடு செர்கியோ அராகோனஸும் அதில் உண்டு. 1963 முதல் ‘மேட்’ பக்க ஓரங்களை நிரப்பியவர் என்பதால் பின்னணியில் அவர் ஒளித்து வைக்கும் துணுக்குகளைக் கட்டம் கட்டமாகத் தேடிப் பாருங்கள். அடுத்து 11, பிறகு 15. பாங்கோ 2018இல் மூடப்பட்டதால் தனி இதழ்கள் பழைய புத்தகச் சந்தையில்தான் கிடைக்கும். ஏப்ரம்ஸ் பதிப்பகம் 2022 முதல் கெட்டி அட்டைத் தொகுதிகளாக இவற்றை மறுபதிப்பு செய்கிறது. வாங்கும் முன் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் தேடும் கதை எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.